எண்களைச் சோதிக்கக் கற்பித்த பேராசிரியர் மகாலனோபிஸ்

கற்பிட்டிக் குடாநாட்டின் பள்ளிவாசல்துறை முதல் புத்தளம் நகரம் வரையுள்ள நமது கரையோரக் கிராமங்களைப் பற்றிக் கூறப்படும் எண்களுக்குக் குறைவில்லை. இத்தனை சதவீதக் கிணறுகளின் நீர் குடிப்பதற்கு உகந்தது, இத்தனை சதவீதக் குடும்பங்கள் வறுமையில் வாடுகின்றன, இடம்பெயர்ந்து வந்தோரில் இத்தனை சதவீதத்தினர் சொந்த ஊர் திரும்ப விரும்புகின்றனர் என்றெல்லாம் அறிக்கைகளிலும் மேடைகளிலும் சொல்லப்படுகின்றன. அந்த எண்களை நம்பி நிதி ஒதுக்கப்படுகின்றது, திட்டங்கள் தீட்டப்படுகின்றன, சில வேளைகளில் உரிமைகள் மறுக்கவும் படுகின்றன. ஆனால் அவ்வெண் மெய்யா பொய்யா என்று சோதித்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே மிகக் குறைவு. சொன்னவர் பெரியவரா, நம்மவரா என்பதைக் கொண்டே ஏற்கிறோம் அல்லது தள்ளுகிறோம்.

ஒரு மக்கள் தொகுதியில் இத்தனை பங்கினர் இப்படிப்பட்டவர் என்ற கூற்றை, அத்தொகுதி முழுவதையும் எண்ணாமல், ஒரு சிறு மாதிரியைக் கொண்டு நியாயமாகச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. புள்ளிவிபரவியலில் அதனை விகிதாசாரம் பற்றிய கருதுகோள் சோதனை என்பர். மாதிரியை நம்பி ஒரு நாட்டின் நிலைமையை அறியலாம் என்பதைத் தெற்காசியாவில் செய்துகாட்டிய முன்னோடி, பேராசிரியர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் ஆவார். அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. எனினும் அவரது வாழ்விலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் இன்னும் பழையதாகிவிடவில்லை.

மகாலனோபிஸ் 1893 ஆம் ஆண்டு ஜூன் 29 ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்த, கல்வியிலும் சமூகச் சீர்திருத்தத்திலும் நாட்டம் கொண்ட குடும்பம் அவருடையது. பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் பயின்று 1912 இல் பட்டம் பெற்ற அவர், அடுத்த ஆண்டு இங்கிலாந்து சென்றார். இலண்டனில் படிக்கவே எண்ணியிருந்தார். ஒருநாள் கேம்பிரிட்ஜைப் பார்க்கச் சென்றவர் திரும்பும் கடைசி ரயிலைத் தவறவிட்டு, நண்பர் ஒருவருடன் தங்க நேர்ந்தது. அங்குள்ள கிங்ஸ் கல்லூரியின் தேவாலயம் அவரது மனத்தைக் கவரவே, அக்கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார்.

1914 இல் தமிழகத்திலிருந்து சீனிவாச இராமானுஜன் கேம்பிரிட்ஜ் வந்தபோது, அவரோடு நெருங்கிப் பழகிய மாணவர்களுள் மகாலனோபிஸும் ஒருவர். குளிர்காலத்தில் இராமானுஜன் மேலங்கியையும் சால்வையையும் போர்த்தியபடி கட்டிலின் மேல் நடுங்கிக்கொண்டு உறங்குவதை அறிந்து, விரிப்புக்குக் கீழே கம்பளிகள் இருப்பதைக் காட்டி, அவற்றினுள் நுழைந்து படுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தவர் அவரே. சஞ்சிகை ஒன்றில் வந்த, தெருவின் வீட்டிலக்கங்கள் பற்றிய புதிர் ஒன்றை மகாலனோபிஸ் வாசித்துக்காட்டியபோது, அடுப்பில் மரக்கறி கிளறிக்கொண்டிருந்த இராமானுஜன், அந்தப் புதிருக்கு மட்டுமல்லாமல் அது போன்ற எல்லாவற்றுக்கும் பொருந்தும் விடையை உடனே கூறினார் என்ற வரலாறும் மகாலனோபிஸ் வழியாகவே உலகுக்குத் தெரியவந்தது.

1915 இல் பௌதிகத்தில் தேர்ச்சி பெற்று, சிறு விடுமுறைக்காக அவர் தாயகம் திரும்பவிருந்தார். உலகப் போர் காரணமாகக் கப்பல் தாமதமாயிற்று. கல்லூரி நூலகத்தில் காத்திருந்த நாட்களில் அவரது ஆசிரியர் மெக்காலே, பயோமெட்ரிக்கா என்ற புள்ளிவிபரவியல் சஞ்சிகையை அவருக்குக் காட்டினார். அதன் தொகுதிகள் அனைத்தையும் விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே வாசிக்கத் தொடங்கிய மகாலனோபிஸ், கல்கத்தா வந்து சேர்ந்தபோது புதிய துறையொன்றின் மாணவராக மாறியிருந்தார். பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கும் பணியை ஏற்ற அவர், இங்கிலாந்து ஆராய்ச்சியைத் தொடர மீண்டும் செல்லவில்லை.

அவரது சோதிக்கும் மனப்பாங்கு முதலில் வெளிப்பட்டது வெள்ளங்கள் பற்றிய ஆய்வுகளிலாகும். 1922 இல் வடவங்காளத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. பொறியியலாளர் குழு, பெருஞ்செலவில் நீர் தேக்கும் தடுப்புப் படுகைகளை அமைக்கவேண்டும் என்றது. மகாலனோபிஸ் ஐம்பது ஆண்டுகால மழைவீழ்ச்சி, வெள்ளப் பதிவுகளை ஆராய்ந்து, அப்படுகைகளால் பயன் விளையாது, வெள்ளநீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை எனக் காட்டினார். 1926 இல் ஒரிசாவின் பிராமணி ஆற்றில் வெள்ளம் பெருகியபோது, ஆற்றின் படுக்கை ஓரடி உயர்ந்துவிட்டது, ஆகவே கரைகளை ஓரடி உயர்த்தவேண்டும் என்று வல்லுநர்கள் கூறினர். அறுபது ஆண்டுகாலத் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, படுக்கை உயர்ந்ததற்குச் சான்றில்லை. ஆற்றின் மேற்பகுதியில் பெய்த அசாதாரண மழையே காரணம் என்பது தெளிவாயிற்று. சொன்னவர்கள் தேர்ந்த பொறியியலாளர்கள் என்பதற்காக அவர் அக்கூற்றை ஏற்கவில்லை. எதிர்க்கவேண்டும் என்பதற்காக மறுக்கவும் இல்லை. தரவு அக்கூற்றுக்கு இடம் தருகிறதா என்று மட்டுமே பார்த்தார்.

1931 டிசம்பரில், பிரசிடென்சி கல்லூரியின் ஓர் அறையில் இயங்கிய அவரது ஆய்வுகூடத்திலிருந்து இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவகம் உருவாயிற்று. 1933 இல் சங்க்யா என்ற ஆய்விதழும் தொடங்கப்பட்டது. ஆர். சி. போஸ், எஸ். என். ரோய், சி. ஆர். ராவ் போன்று பின்னர் உலகப் புகழ்பெற்ற அறிஞர்கள் பலர் அங்கே ஒன்றுகூடினர். இரு மக்கட் கூட்டங்கள் தம்முள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அளக்க அவர் வகுத்த அளவை, 1936 ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பின் மகாலனோபிஸ் தூரம் என்ற பெயரில் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

ஆயினும், நமது பொருளுக்கு மிக நெருங்கியது அவரது சணல் ஆய்வாகும். அன்றைய வங்காளத்தின் உயிர்நாடியாக விளங்கிய சணலைப் பயிரிட்டோரில் பெரும்பாலானோர் கிழக்கு வங்காளத்தின் ஏழை முஸ்லிம் விவசாயிகள். எவ்வளவு நிலத்தில் சணல் விளைகிறது என்பது முன்கூட்டியே தெரியாவிட்டால், விலை ஏறுவதும் இறங்குவதும் வியாபாரிகளின் வதந்தியைப் பொறுத்ததாகிவிடும். 1937 முதல் மகாலனோபிஸ் சிறு பரீட்சார்த்த ஆய்வுகளாகத் தொடங்கி, 1941 இல் மாகாணம் முழுவதற்கும் மாதிரி ஆய்வை விரிவாக்கினார். கிராம வரைபடங்களில் எழுமாற்றாகச் சிறு சதுரங்கள் தெரிவு செய்யப்பட்டன. கள உத்தியோகத்தர் அச்சதுரத்துக்குரிய நிலத்துக்கே சென்று, அதில் எத்தனை பங்கு சணல் என்று குறித்தனர். அப்பங்குகளிலிருந்து வங்காள நிலத்தில் சணலின் விகிதாசாரம் கணிக்கப்பட்டது.

ஒவ்வொரு காணியாக எண்ணாமல் நாட்டின் கணக்கை எப்படிச் சொல்லலாம் என்று அதிகாரிகள் பலர் ஐயுற்றனர். முழுக் கணக்கெடுப்பும் மாதிரி ஆய்வும் ஒப்பிடப்பட்டபோது கிடைத்த விபரத்தைப் பின்னாளில் சி. ஆர். ராவ் பதிவு செய்துள்ளார். காணிக்குக் காணி எண்ணியதற்கு 33,000 பணியாளரும் 82 இலட்சம் ரூபாவும் தேவைப்பட்டன. மாதிரிக்கு வேண்டியிருந்தது 600 பேரும் 8 இலட்சம் ரூபாவுமே. முழுக் கணக்கெடுப்பு ஏறத்தாழ 63 இலட்சம் பொதிகள் என்றது. மாதிரி 75 இலட்சத்து 40 ஆயிரம் என்றது. வணிகத்தில் உண்மையில் கைமாறியதோ ஏறத்தாழ 75 இலட்சத்து 60 ஆயிரம். அலட்சியமாக எண்ணப்பட்ட முழுமையைவிடக் கவனமாக எடுக்கப்பட்ட மாதிரி மெய்க்கு அருகில் நின்றது.

இங்கு கருதுகோள் சோதனையின் உள்ளமைப்பை நமது மண்ணின் உதாரணம் ஒன்றினால் விளக்குவது பொருத்தமாகும். கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பாங்கான நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் வளம்பெற இடப்படும் பசளை, ஆழமற்ற நிலத்தடி நீரில் நைத்திரேற்றாகக் கலப்பதை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதை மீறினால் கைக்குழந்தைகளுக்கே முதலில் ஆபத்து. இப்போது, கிணறுகளில் ஐந்தில் ஒன்று, அதாவது 20 சதவீதம் மாத்திரமே எல்லையைத் தாண்டியுள்ளது என்று ஒருவர் கூறுவதாகக் கற்பனை செய்வோம். இக்கூற்றையே சூனியக் கருதுகோளாகக் கொள்கிறோம்; அதாவது மறுக்கப்படும் வரை அது மெய் என்று வைத்துக்கொள்கிறோம். அதற்கு எதிரான மாற்றுக் கருதுகோள், பங்கு 20 சதவீதத்தைவிடக் கூடியது என்பதாகும்.

எழுமாற்றாக 100 கிணறுகளைத் தெரிவு செய்து நீரைச் சோதிக்கிறோம். கூற்று மெய்யானால் ஏறத்தாழ 20 கிணறுகள் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் சரியாக 20 தான் வரும் என்பதில்லை. தற்செயலால் கூடலாம், குறையலாம். எவ்வளவு கூடலாம் என்பதற்குக் கணக்குண்டு. 0.2 ஐ 0.8 ஆல் பெருக்கி, 100 ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் 0.04 வருகிறது. இதுவே மாதிரி விகிதாசாரத்தின் நியம வழு. அதாவது 4 சதவீதம். மாதிரியில் 24 கிணறுகள் கெட்டிருந்தால் அது ஒரு நியம வழுத் தூரமே. கூற்று மெய்யாக இருக்கும்போதும் நூறு தடவையில் ஏறத்தாழ பத்தொன்பது தடவை அவ்வளவோ அதற்கு மேலோ வரக்கூடும். ஆகவே கூற்றை மறுக்க இயலாது. 31 கிணறுகள் கெட்டிருந்தாலோ, தூரம் இரண்டே முக்கால் நியம வழு. தற்செயலால் அவ்வாறு நேர்வது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அப்போது கூற்றை மறுப்பதே நியாயம்.

எந்த அளவுக்கு அரிதானால் மறுப்பது என்ற எல்லையை மாதிரியைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். 1925 இல் வெளியான ஆர். ஏ. பிஷரின் நூலுக்குப் பின் நூற்றுக்கு ஐந்து என்ற எல்லை பெருவழக்காயிற்று. அந்த பிஷர் மகாலனோபிஸின் அழைப்பில் இந்தியா வந்தவரும் நண்பருமாவார். மெய்யான கூற்றை மறுத்துவிடுவதும் பொய்யான கூற்றை விட்டுவிடுவதும் வெவ்வேறு தவறுகள் என்பதை 1933 இல் நெய்மனும் ஈகோன் பியர்சனும் தெளிவாக வகுத்தனர். குடிநீர் விடயத்தில் இரண்டாவது தவறின் விலையைக் கொடுப்பது குழந்தை என்பதை நாம் மறத்தலாகாது.

மேலும், மறுக்க முடியவில்லை என்பது மெய்ப்பிக்கப்பட்டது என்று பொருள்படாது. 100 கிணறுகளில் 24 என்பதால் தப்பித்துக்கொண்ட அதே கூற்று, 400 கிணறுகளில் 96 கெட்டிருந்தால் தப்பாது. இரண்டும் 24 சதவீதமே. ஆனால் மாதிரி நான்கு மடங்காகும்போது நியம வழு பாதியாகி 2 சதவீதமாகிறது. தூரம் இரண்டு நியம வழுவாகிறது. எனவே கூற்று விழுகிறது. சிறிய மாதிரியை எடுத்துவிட்டு, ஆபத்து எதுவும் காணப்படவில்லை என்று அறிவிப்போரிடம் நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி, எத்தனை கிணறுகளைப் பார்த்தீர்கள் என்பதே. இரண்டாவது கேள்வி, எவ்வாறு தெரிவு செய்தீர்கள் என்பது. வாகனம் செல்லக்கூடிய பிரதான வீதியோரக் கிணறுகளை மட்டும் பார்த்துவிட்டுச் செய்யப்படும் கணக்கு, எவ்வளவு நுட்பமானதாயினும் பயனற்றது.

இதனை மகாலனோபிஸ் நன்கறிந்திருந்தார். களத்துக்குச் செல்லாமலே படிவத்தை நிரப்பும் உத்தியோகத்தரையும் அவர் கண்டிருந்தார். ஆகவே ஒரே பிரதேசத்தில் இரு தனித்தனி மாதிரிகளை எடுத்து, அவற்றை இருவேறு குழுக்களிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டை வகுத்தார். இரு குழுக்களின் விடைகளும் தற்செயலுக்கு அப்பால் வேறுபட்டால், எங்கோ மனிதத் தவறு நிகழ்ந்துள்ளது என்பது வெளிப்பட்டுவிடும். கணிதம் தற்செயலைத்தான் அளக்கும். நேர்மையீனத்தைக் கண்டுபிடிக்க வேறு காவல் வேண்டும் என்பது அவரது தெளிவு.

1943 இல் வங்காளத்தைப் பஞ்சம் வாட்டியது. அதன் பின், எத்தனை குடும்பங்கள் நிலத்தையும் மாட்டையும் தொழிலையும் இழந்தன என்பதை அறிய அவரது நிறுவகம் கிராமங்களில் மாதிரி ஆய்வு நடத்தி, 1946 இல் முடிவுகளை வெளியிட்டது. ஏழையின் இழப்பும் எண்ணப்பட வேண்டியது என்ற எண்ணமே அதன் அடிப்படை.

நமது வாசகர்கள் அறியவேண்டிய இன்னொரு நிகழ்வு 1947 ஆம் ஆண்டுக்குரியது. பிரிவினைக் கலவரத்தின்போது டில்லியில் முஸ்லிம்கள் பலர் செங்கோட்டையிலும் ஹுமாயூன் சமாதியிலும் தஞ்சம் புகுந்திருந்தனர். உணவு வழங்கும் பொறுப்பை ஏற்ற ஒப்பந்தகாரர்கள் கொடுத்த கணக்கு மிகையானது என்ற ஐயம் அரசுக்கு எழுந்தது. கோட்டைக்குள் சென்று தலைகளை எண்ணும் நிலைமையோ இருக்கவில்லை. இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவகத்துடன் நெடுங்காலத் தொடர்புகொண்ட ஜே. எம். சென்குப்தா, அரிசி, பருப்பு, உப்பு ஆகியவற்றின் கணக்கில் காட்டப்பட்ட அளவுகளை, ஒருவர் சராசரியாக உண்ணும் அளவால் தனித்தனியே வகுத்துப் பார்க்கும் யோசனையைக் கூறினார். அரிசிக் கணக்கின்படி ஆட்தொகை மிகப் பெரிதாகவும், உப்புக் கணக்கின்படி மிகச் சிறிதாகவும் வந்தது. விலை உயர்ந்த அரிசியில் மிகைப்படுத்துவது இலாபம் தரும். மலிவான உப்பில் பொய் சொல்லி எவருக்கும் ஆதாயமில்லை. ஆகவே உப்பு காட்டிய தொகையே மெய்யென ஏற்கப்பட்டது. ஆட்தொகை தெரிந்திருந்த ஹுமாயூன் சமாதி முகாமிலும் இம்முறை பரிசோதிக்கப்பட்டுச் சரியெனக் காணப்பட்டது. உப்பளங்களுக்குப் பேர்போன புத்தளத்தில் வாழும் நாம், உப்பு இவ்வாறும் சாட்சி சொன்னதை நினைவில் வைத்திருப்பது தகும்.

சுதந்திரத்தின் பின் மகாலனோபிஸின் பணி நாடளாவியதாயிற்று. 1949 இல் அமைச்சரவையின் கௌரவப் புள்ளிவிபர ஆலோசகரானார். 1950 இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. அதே ஆண்டில் ஆசிய, ஆபிரிக்க நாடுகளின் மாணவர்களைப் பயிற்றும் சர்வதேசப் புள்ளிவிபரக் கல்வி நிலையம் கல்கத்தாவில் அமைந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் மாதிரி ஆய்வு உப ஆணைக்குழுவுக்கும் அவர் தலைமை தாங்கினார். 1956 இல் தொடங்கிய இந்தியாவின் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் அவரது வரைவை ஒட்டியதாகும்.

அவர் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர். கனரகக் கைத்தொழிலுக்கு முதலிடம் கொடுத்த அத்திட்டம் விவசாயத்தைப் பின்தள்ளியது என்று பொருளியலாளர் பலர் குறைகூறினர். விளைச்சலை அளக்க அவர் பயன்படுத்திய மிகச் சிறிய வெட்டுப் பரப்புகள், எல்லையோரப் பயிர்களையும் உள்ளடக்கி விளைச்சலைக் கூட்டிக்காட்டும் என்று பி. வி. சுகாத்மே வாதிட்டார். அந்த வாதம் வலுவானது. சோதனையை நாட்டுக்குக் கற்பித்தவரின் முறைகளே சோதனைக்கு உள்ளானது அவருக்கு இழுக்கல்ல. அவர் தொடக்கிவைத்த மரபின் வெற்றி என்றே நாம் கருதுகிறோம். 1968 இல் பத்மவிபூஷண் விருது பெற்ற அவர், தமது 79 ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாளான 1972 ஜூன் 28 ஆம் திகதி காலமானார். 2007 முதல் அவரது பிறந்ததினம் இந்தியாவில் புள்ளிவிபரவியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

இவ்வாழ்க்கை நமக்கு உணர்த்துவது யாது? நமது நாட்டில் 1981 க்குப் பின் முழுத் தீவையும் உள்ளடக்கிய குடிசன மதிப்பீடு 2012 இல்தான் நடைபெற்றது. 2001 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு 18 மாவட்டங்களிலேயே முழுமை பெற்றது. இந்த முப்பத்தொரு ஆண்டு இடைவெளிக்குள்தான் யுத்தத்தின் பேரிழப்புகள் நிகழ்ந்தன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும், மன்னாரிலிருந்து படகேறியோர் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கியதும் அக்காலத்திலேயே. தமிழ் மக்கள் சந்தித்த இடப்பெயர்வுகளும் அக்காலத்துக்குரியவையே. எண்ணப்படாத மக்களைப் பற்றி எவரும் எதையும் சொல்லலாம் என்ற நிலை இரு சமூகங்களுக்கும் தீங்கிழைத்தது.

இடம்பெயர்ந்தோரில் பெரும்பான்மையினர் ஊர் திரும்ப விரும்பவில்லை என்று ஒருவர் கூறினால், திரும்ப விரும்புவோரின் விகிதாசாரம் பாதிக்குக் குறைவு என்பதே அதன் பொருள். சோதிக்கக்கூடிய கூற்று அது. முகாமில் உள்ளவர், வீடு கட்டிக் குடியேறியவர், தொழிலுக்காக வெளியூர் சென்றவர் அனைவருக்கும் சம வாய்ப்பளித்து மாதிரியை எடுத்து, எவ்வித அச்சமுமின்றி விடைபெற்று, அதனைச் சோதிக்கலாம். அவ்வாறு செய்யாமல் கூறப்படும் எண், நமக்குச் சாதகமானதாயினும் பாதகமானதாயினும், வெறும் அபிப்பிராயமே.

நமது சமூகத்தின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வது சேவை என்று எண்ணுவோரும் நம்மிடையே உள்ளனர். அரிசிக் கணக்குப் போன்ற அத்தகைய எண்கள் ஒருநாள் உப்புக் கணக்கினால் வெளுக்கப்படும். அப்போது மெய்யான துயரமும் நம்பப்படாமற் போகும். பள்ளிவாசல்துறையிலும் அயற்கிராமங்களிலும் உயர்தரத்தில் கணிதம் பயிலும் மாணவர்களைக் கொண்டு, ஆசிரியர்களின் வழிகாட்டலில், முறையான எழுமாற்று மாதிரியின் மூலம் தத்தம் கிராமக் கிணறுகளைப் பதிவு செய்யும் முயற்சியைப் பாடசாலைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தொடங்குமாயின், அது பெருஞ்செலவில்லாத பெரும்பணியாகும். எடுத்த நீர்மாதிரிகளை உரிய ஆய்வுகூடங்களில் பரிசோதிப்பித்து, முடிவு எவ்வாறிருப்பினும் மறைக்காமல் வெளியிட வேண்டும். அதிகாரிகளிடம் முறையிடச் செல்லும்போது அதைவிட வலுவான மனு வேறு இருக்க முடியாது.